அரை நாள் விலக்கு

மார்ச் 2

பேசாமல் இருந்தது போதும். உப்பளத்துச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் எனக்கு வர வேண்டிய மேனேஜர் நாற்காலியை முதலாளியின் தங்கை மகனுக்குக் கொடுத்தபோது பேசாமல் இருந்தேன். நான் வேதியியலில் எம்.எஸ்ஸி., பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம். அவன் பட்டப்படிப்பையே முடிக்காதவன். அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பந்தியில் வைத்து அத்தான், "உப்பை நக்கிப் பாத்துச் சம்பளம் வாங்குத ஒரே ஆளு நம்ம மாப்பிள்ளைதான்" என்று சொன்னபோதும் பேசாமல் இருந்தேன். அது நடந்து வெகுகாலம் ஆகிறது. அன்று இலையில் என்ன கூட்டு வைத்தார்கள் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது என் வீட்டிலும் அதே கதை. வாயால் சொல்ல முடியாத விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

என் மனைவி வடிவு மறுபடியும் மாடிக்குப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் மாடிக்குப் போவது என்றால் விலக்கு என்று பொருள். மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை இருக்கிறது. ஒரு பாய், ஒரு தலையணை, தனித் தட்டு, தனிச் செம்பு. தீட்டு நாட்களில் பெண்கள் அங்கேதான். அம்மா இருந்தாள், கல்யாணம் ஆகும்வரை அக்கா இருந்தாள், வந்த நாளிலிருந்து வடிவு இருக்கிறாள். மூன்று நாள் முடிந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு இறங்கி வருவாள். அதுவரை அடுக்களை என் பொறுப்பு.

நேற்று மத்தியானம் கரண்ட் இல்லை. ஜன்னலுக்கு வெளியே உப்பளம் முழுக்க வெயில் நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தில் அறை பால் ஊற்றியது போல இருக்கும். சுவரும் கட்டிலும் எங்கே முடிகின்றன என்றே தெரியாது. ஒரு மாதம் கழித்து அவள் பக்கம் திரும்பினேன். அவளும் திரும்பினாள். கொஞ்ச நேரம் எனக்கு யார் மேலும் கோபம் இல்லை.

பிறகு அவள் எழுந்து விரிப்பைப் பார்த்தாள். "வந்துட்டு" என்றாள். விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நான் மேல போயிருதேன். மாவு அடுக்களைல இருக்கு" என்று படியேறிவிட்டாள்.

போன மாதமும் இப்படித்தான். அதற்கு முந்தியும் இப்படித்தான். நான் தொட்டால் அவளுக்கு விலக்கு வந்துவிடுகிறது.

மார்ச் 3

ரசத்தில் உப்பு கூடிவிட்டது.

மார்ச் 4

தட்டைக் கடைசிப் படிக்கு முந்திய படியில் வைத்துவிட்டு நான் இறங்கிவிட வேண்டும். பிறகு அவள் வந்து எடுத்துக்கொள்வாள். அதுதான் முறை.

"ரசம் எப்படி இருந்துச்சு?" என்று கீழே நின்று கேட்டேன்.

"எதுக்கு அம்புட்டுப் பாடு? கடல்ல ஒரு தம்ளர் மோந்து குடுத்திருக்கலாம்லா."

நான் சிரிக்கவில்லை. அடுக்களைக்குப் போன பிறகு சிரித்தேன்.

மத்தியானம் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். கனவில் அவள் உப்புப் பாத்தியின் வரப்பில் நடந்துபோகிறாள். தண்ணீர் முற்றி ரோஸ் நிறத்துக்கு வந்த பாத்தி. கால் வைக்கும் இடமெல்லாம் உப்புப் பூத்து அவள் கொலுசின் மேல் ஏறுகிறது. "நில்லு, தட்டிவிடுதேன்" என்கிறேன். அவள் நிற்கவில்லை. அவசரமாகப் போகவும் இல்லை. மேகம் நகர்வதுபோலப் போய்க்கொண்டே இருக்கிறாள்.

விழித்தபோது மாடியில் துணி கசக்கும் சத்தம் கேட்டது. விரிப்பு.

மார்ச் 9

உப்பளத்தில் இந்த வருஷம் முதல் உப்பு வாரினார்கள். புது மேனேஜர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உப்பைக் குவித்த அம்பாரத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். மாதிரியை எடுத்து மெக்னீசியம் பார்த்தது நான்.

வடிவு இறங்கி வந்து நாளாகிவிட்டது. நான் தொடவில்லை. எனக்கும் மானம் இருக்கிறது.

மார்ச் 13

தொடவில்லை. ஆனாலும் மாடிக்குப் போய்விட்டாள்.

இந்த மாதம் பிறந்து பாதி நாள்கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டு முறை. எனக்குக் கணக்குத் தெரியாது என்று நினைக்கிறாள் போலிருக்கிறது.

மார்ச் 20

பகவதியக்கா வந்திருந்தாள். வந்ததும் பூஜை அலமாரியில் விரலால் தூசி தொட்டுப் பார்த்தாள். அத்தான் எங்கள் சமுதாயச் சங்கத்துக்குத் தலைவரான பிறகு அக்கா நடையில் ஒரு அமைதி வந்திருக்கிறது. ஊர்வலத்தில் யானை நடப்பது மாதிரி.

"என்ன வடிவு, முகம் வெளுத்துக் கெடக்கு?"

"கொஞ்ச மாசமா முன்னப் பின்ன வருது மைனி. சில சமயம் வந்த வேகத்துல நின்னுருது."

"நிக்கப் போற வயசு. எனக்கும் இப்படித்தான், ஆடும், அடங்கும். மூணு நாளு மட்டும் ஒழுங்கா ஒதுங்கி இருந்துக்க. சும்மா ஒரு சொட்டுதானன்னு அடுக்களைக்குள்ள வந்துறாத." பிறகு குரலைத் தாழ்த்தினாள். நான் கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன். "அந்த நேரத்துல பக்கத்துல படுக்கக் கூடாது, கேட்டியா. பொம்பளைக்கு ஒண்ணும் இல்ல. ஆம்பளைக்கு ஆயுசு கொறையும்."

வடிவு காப்பி தம்ளரைக் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒரு தம்ளரை அவ்வளவு நேரம் கழுவ வேண்டியதில்லை.

அக்கா போகும்போது என்னிடம், "நீயும் கொஞ்சம் பாத்து நடந்துக்க தம்பி" என்றாள். ஏதோ குற்றவாளியிடம் பேசுவதுபோல. இதையும் குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 6

ஞாயிறு. மத்தியானம். மறுபடியும் அந்தப் பால் வெளிச்சம். அவள்தான் முதலில் என் தோளில் கை வைத்தாள். வைத்துவிட்டு, "இப்ப ஒண்ணும் இல்ல. நாளு தள்ளித்தான் இருக்கு" என்றாள், நான் கேட்காமலே. 

ரத்தம் வந்தது. முன்பைவிட அதிகம். அவள் முகத்தைப் பார்த்தேன். விரிப்பை அல்ல, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்ப்பதுபோல ஒரு பார்வை.

"வலிக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல. நீங்க தலைக்குத் தண்ணி ஊத்துங்க மொதல்ல. இப்பமே ஊத்துங்க."

மாடிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் நான் மேலே போனேன். இத்தனை வருஷத்தில் அவள் மாடியில் இருக்கும்போது நான் அந்த அறைக்குள் போனதில்லை. கதவு திறந்துதான் இருந்தது. ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது, அதற்கு இந்தப் பக்கம் அம்பாரங்கள், எல்லாவற்றின் மேலும் சாயங்கால வெளிச்சம். அறையே தரையை விட்டுக் கொஞ்சம் மிதந்துகொண்டிருப்பது மாதிரி இருந்தது. பாயில் சாய்ந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஐயோ, உள்ள வராதீங்க."

"இப்ப எப்படி இருக்கு?"

"நின்னுட்டு. மத்தியானமே நின்னுட்டு."

"நின்னுட்டுன்னா இறங்கி வர வேண்டியதான?"

"வந்தா வந்ததுதான். அரை நாளு வந்தாலும் மூணு நாளு மூணு நாளுதான்."

நான் வாசல் நிலையிலேயே நின்றேன். அரை நாளில் நின்றுபோகிற விலக்கு. கீரைத் தண்டுகள் ஒருபுறம், இலைகள் ஒருபுறம் சேர்ந்துகொண்டே இருந்தன.

ஏப்ரல் 7

நன்றாக யோசித்துப் பார்த்தேன். ஒரு விலக்கு அரை நாளில் முடிவதில்லை. நான் பக்கத்தில் போனால் மட்டும் வருவதும் இல்லை. அப்படியென்றால் இது விலக்கே இல்லை. விலக்கு இல்லை என்றால் நடிப்பு. என்னை விட்டு மூன்று நாள் தள்ளி இருக்க ஒரு வழி. விரிப்பில் இருந்தது ரத்தம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் காரணம் வேறாக இருக்க வேண்டும். முகம் கொடுத்துச் சொன்னால் நான் என்ன அடிக்கவா போகிறேன்.

தட்டை வைக்கும்போது கேட்டேவிட்டேன். "நான் தொட்டாத்தான் உனக்கு விலக்கு வருமா?"

மேலே தட்டை எடுக்கிற சத்தம் கேட்டது. "அப்படித்தான் வருது" என்றாள்.

ஏப்ரல் 8

டாக்டரிடம் கூட்டிப்போகப் போகிறேன். படித்த மனிதனுக்கு அதுதான் வழி. ஒரு டாக்டர் வாயால் "உங்களுக்கு ஒன்றும் இல்லை அம்மா" என்று அவள் முன்னால் சொல்லட்டும். அதன் பிறகு மாடிக்கு எப்படிப் போகிறாள் என்று பார்க்கிறேன்.

ஏப்ரல் 11

டாக்டர் அருள்மேரிக்கு என் வயதுதான் இருக்கும். மேஜைமேல் ஒரு சின்ன ஃபேன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. நான்தான் பேசினேன்.

"மாசத்துல ரெண்டு தடவை, மூணு தடவைகூட இவ மாடி ஏறிருதா டாக்டர்."

"மாடி ஏறுனா ரத்தம் வருதா?"

"இல்ல, ரத்தம் வந்தா இவ மாடி ஏறுதா. விலக்கு. எங்க வீட்டுப் பழக்கம்."

"சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அம்மா, நீங்க சொல்லுங்க. எப்பெப்ப வருது?"

வடிவு ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பி, மறுபடி இந்தப் பக்கம் வந்த பிறகு சொன்னாள். "மாசா மாசம் வாரது வருது. அது போக, அவுக பக்கத்துல வந்தா வருது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சேரும்போதா? எவ்வளவு நாளா?"

"தீவாளிக்கு முன்ன ஆரம்பிச்சுது."

"இவ்வளவு நாளா ஏம்மா வரல?"

"விலக்கு முன்னாடியே வந்துட்டுன்னு நெனச்சேன். விலக்கு நேரத்துல சேந்துட்டமேன்னு பாவமா இருந்துச்சு. அத யார்ட்டப் போயிச் சொல்ல?"

டாக்டர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, வகுப்பில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "விலக்கு நாள்ல புருசன் பொண்டாட்டி சேந்தா ரத்தம் வரத்தான் செய்யும். அது ஏற்கெனவே வந்துட்டு இருக்கற ரத்தம். அதுல பாவமும் இல்ல, யாருக்கும் கேடும் இல்ல. இது வேற. விலக்கு இல்லாத நாள்ல, சேந்தா மட்டும் வந்து, உடனே நின்னுருதுன்னா, அது கர்ப்பப்பை வாயிலேருந்து வருது. அங்க ஏதோ புண்ணு இருக்கு, பட்டதும் கசியுது. ரெண்டும் ஒரே வழியா வாரதால ரெண்டையும் ஒண்ணாக்கிட்டீங்க."

வடிவை உள்ளே கூட்டிப்போனார். திரையின் அடியில் அவள் செருப்புகள் தெரிந்தன. ஒன்று கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தி வைக்க வேண்டும் என்று தோன்றியது. திரைக்குள் கை நீட்டலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

துளி சதை எடுத்துச் சோதனைக்காக மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

நான் கேட்க வந்த வாக்கியத்தை டாக்டர் சொல்லவில்லை.

ஏப்ரல் 12

மாதிரியை எப்படி அனுப்புவார்கள், ஃபார்மலினில்தானே, எத்தனை சதவீதம் என்று போன் செய்து கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண், "சார், அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம்" என்றாள்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. வடிவு கனி வைத்து, மாங்காய்ப் பச்சடி செய்தாள். சதை எடுத்த இடத்தில் இன்னும் லேசாகக் கசிகிறது. பச்சடியை இறக்கி வைத்துவிட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு படியருகே போய் நின்றாள். காலைத் தூக்கி முதல் படியில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இதற்குப் போக வேண்டுமா, வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்காவிடம் கேட்கவும் முடியாது. இது எதில் சேரும் என்று அக்காவுக்கும் தெரியாது.

நான் மேலே போய்ப் பாயைச் சுருட்டிக் கீழே கொண்டுவந்தேன். கூடத்தில் ஜன்னலோரம் விரித்தேன்.

"என்ன செய்யுதீக?"

"மாடியில வெக்கை."

"இத்தன வருசமா வெக்கைதான்."

உட்கார்ந்தாள். பிறகு படுத்தாள். மத்தியானம் முழுவதும் அவள் தூங்குவதைப் பார்த்தபடி இருந்தேன். வெளிச்சம் அவள் கால்விரலில் தொடங்கி மெல்ல மேலே ஏறிப்போயிற்று. ஒரு கட்டத்தில் அவள் எது, வெளிச்சம் எது என்று பிரிக்க முடியவில்லை. எழுப்பி, இருக்கிறாளா என்று கேட்கத் தோன்றியது.

ஏப்ரல் 19

கருப்பை வாயில் புற்று.

ஏப்ரல் 20

நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை. டாக்டர் சொன்னது: ஆரம்பத்தைத் தாண்டிவிட்டது, ஆனால் வெளியே பரவவில்லை. கதிர்வீச்சும் வாரம் ஒரு ஊசியும். நல்ல வாய்ப்பு இருக்கிறது. தீபாவளிக்கே வந்திருந்தால் இன்னும் நல்ல வாய்ப்பு. கடைசி வாக்கியத்தை அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நான்தான் முடித்து எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"என்னன்னு சொல்ல? ஒவ்வொரு தடவையும் உங்க ஆயுசுல கை வச்சிட்டேன்னுதான நெனச்சுக்கிட்டு இருந்தேன். உங்களுக்குப் பிரஷர் வேற. மூணு நாளு தள்ளி இருந்தாத் தோசம் போகும்னு பாத்தேன். வெள்ளிக்கிழமை தவறாம விளக்குப் போட்டேன்." பிறகு, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலைல்லா, அது போதும்" என்றாள்.

பிரஷர் மாத்திரை போட மறந்துவிட்டேன்.

மே 11

மதுரை. ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு அறை எடுத்திருக்கிறோம். காலையில் கதிர்வீச்சு. பத்துப் பதினைந்து நிமிஷம்தான் உள்ளே. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருப்பேன். அவள் வரும்போது கோயிலில் பிராகாரம் சுற்றிவிட்டு வருபவள்போல மெதுவாக, யாரையும் பார்க்காமல் வருவாள்.

"உள்ள என்ன செய்வாக?"

"ஒண்ணும் செய்ய மாட்டாக. ஒரு மிஷினு சுத்தும். நான் கண்ண மூடிக்கிட்டு மாடி ரூம்பு ஜன்னல நெனச்சுக்கிடுவேன். கடலு தெரியும்லா."

அந்த அறையை இடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். இதைச் சொன்ன பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மே 23

வாந்தி. கஞ்சியும் தங்கவில்லை. எடை குறைந்துகொண்டே வருகிறது. பக்கத்து அறைப் பெண் நெல்லிக்காய் கொடுத்தாள். அவளுக்கும் அதே நோய். எப்படித் தெரியவந்தது என்று வடிவு கேட்டிருக்கிறாள். "வீட்டுக்காரரு பக்கத்துல வந்தா ரத்தம் வரும் அக்கா. விலக்குன்னு நெனச்சுச் சும்மா இருந்துட்டேன்" என்றாளாம்.

வடிவு இதை என்னிடம் இரண்டு முறை சொன்னாள்.

ஜூன் 8

சிகிச்சை முடிந்தது. புண் சுருங்கியிருக்கிறது என்கிறார்கள். மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால்தான் நிச்சயம். நாளை மறுநாள் ஊருக்குப் போகலாம்.

அக்கா பார்க்க வந்திருந்தாள். பழம், விபூதி, கூடவே சங்கத்துப் பத்திரிகையான சங்க மலரின் புது இதழ். "அத்தான் கட்டுரை வந்திருக்கு, வடிவுக்கு வாசிச்சுக் காட்டு" என்றாள். தலைப்பு: "விலக்கு: முன்னோர் பெண்ணுக்குத் தந்த ஓய்வு." அந்த நாட்களில் பெண் உடலிலிருந்து கெட்ட ரத்தம் வெளியேறுகிறதாம், அதைத் தீண்டும் ஆணுக்கு நோய் வருமாம். மேலை நாட்டார் இப்போதுதான் கண்டுபிடிக்கிறார்களாம். நம் பெண்களுக்கு அதனால்தான் பெரிய வியாதிகள் வந்ததில்லையாம்.

இதை வாசித்த இடம் புற்றுநோய்ப் பிரிவின் வராந்தா. எங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் தலையில் துண்டு கட்டியிருந்தார்கள்.

ஜூன் 9

விடிந்ததும் உட்கார்ந்து பத்துப் பக்கம் எழுதினேன். அத்தானின் கட்டுரையை வரி வரியாகக் கிழித்தேன். கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது என்பதற்கு ஆதாரம் கொடுத்தேன். பந்தியில் அவர் சொன்ன வாக்கியத்தையும் சேர்த்தேன். அடியில் என் பெயர், எம்.எஸ்ஸி., முதுநிலை வேதியியலாளர். சங்க மலருக்கு நான் எழுதும் கடிதங்கள் எல்லாம் இப்படித்தான் முடியும். இரண்டைத் தவிர எதையும் அவர்கள் போட்டதில்லை.

வடிவுக்கு வாசித்துக் காட்டினேன். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும், "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நான் எங்க இருக்கேன்? பூரா அத்தான்தான் இருக்காக" என்றாள்.

"நியாயத்தத்தான எழுதியிருக்கேன்."

"அவுகளை செயிச்சு என்ன செய்யப் போறீக? பக்கத்து ரூம்புப் புள்ள மாதிரி எவளாவது ஒருத்தி எங்கயாவது பாயச் சுருட்டிக்கிட்டு மேல போயிக்கிட்டு இருப்பா. அவளுக்கு எழுதுங்க. நடந்தத மட்டும் எழுதுங்க."

நடந்தது இந்த டைரியில்தான் இருக்கிறது என்றேன். நான் டைரி எழுதுவது அதுவரை அவளுக்குத் தெரியாது. வாங்கி வாசித்தாள். மத்தியானம் முழுவதும் வாசித்தாள். நான் சந்தில் நின்று பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது டைரி மூடியிருந்தது, அவள் கண் சிவந்திருந்தது.

"ஏப்ரல் ஏழாம் தேதியை மட்டும் எடுத்துருதேன்" என்றேன்.

"அது இருக்கட்டும். அது இல்லாட்டி வாசிக்கறவளுக்கு எப்படி விளங்கும்? அவ வீட்டுக்காரரும் அதத்தான நெனச்சுக்கிட்டு இருப்பாரு."

அத்தான் தலைவர்தான். ஆனால் சங்க மலரில் மகளிர் பக்கத்தைப் பார்ப்பவர் சங்கரன்கோவிலில் ஒரு தலைமை ஆசிரியை. எங்களை அறியாதவர். அவருக்கு அனுப்புவது என்று முடிவு. பெயர்களை எல்லாம் மாற்றிக்கொண்டே டைரியைப் படியெடுத்தேன். அவள் பெயருக்கு வந்ததும் என்ன போடட்டும் என்று கேட்டேன்.

யோசித்தாள். மெலிந்துபோன தன் உடம்பைக் கையால் தடவிப் பார்ப்பவள்போலப் புடவையை நீவிவிட்டாள். "மாத்துறதுன்னு ஆயிட்டு, நல்ல பேரா வைங்க. வடிவுன்னு வைங்க." டைரியில் அவள் சொந்தப் பெயர் வந்த இடமெல்லாம் அதையே போட்டேன்.

கடைசியாக என் பெயர். பழக்கத்தில் பேனா தாளின் அடிக்குப் போய்விட்டது. முதல் எழுத்தைக்கூடப் போட்டுவிட்டேன். என் பெயரைப் பார்த்தால் சங்கத்தில் எல்லோரும் சொல்வார்கள்: இவனுக்கு அத்தான் மேல் பழைய பகை, அதுதான் எழுதுகிறான். அது பொய்யும் இல்லை. கட்டுரையை அதோடு மூடி வைத்துவிடுவார்கள். பெயர் இல்லாமல் போனால், பகை யாருடையது என்று தெரியாது. ரத்தம் மட்டும்தான் தெரியும்.

அந்த எழுத்தை அடித்தேன். கையெழுத்து இல்லாமலே மடித்து உறையில் வைத்திருக்கிறேன். காலையில் பேருந்து ஏறும் முன் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.